மேடை கைமாறும் 20 நிமிடம்

வெளியூர் இசை விழாக்களில் வாசிக்கக் கிளம்பும் குழுக்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கே: டிரம்ஸ், பேஸ், கிடார், கீபோர்டு, பாடகி என நாங்கள் ஐந்து பேர். விழாக்குழுவினர் இன்புட் லிஸ்ட்டும் மேடை வரைபடமும் கேட்கிறார்கள். எப்படித் தயாரிப்பது?

ப: எந்த ஒலி மிக்சரின் எந்தச் சேனலுக்குப் போகிறது என்ற பட்டியல்தான் இன்புட் லிஸ்ட். டிரம்ஸில் தொடங்கிக் குரலில் முடிப்பது வழக்கம். உங்களுக்கு இப்படி வரும்: 1 கிக், 2 ஸ்னேர், 3 ஹை-ஹாட், 4, 5 டாம்கள், 6, 7 ஓவர்ஹெட் மைக்குகள், 8 பேஸ், 9 கிடார் ஆம்ப், 10, 11 கீபோர்டின் இரண்டு பக்கங்கள், 12 பாடகி, 13 கூடப் பாடுபவர். ஒவ்வொன்றின் எதிரிலும் மைக்கா, டி.ஐ. பாக்ஸா (வாத்தியத்தை மைக் இல்லாமல் நேரே மிக்சரோடு இணைக்கும் பெட்டி), ஸ்டாண்டு உயரமா குட்டையா என்று எழுதுங்கள். மைக்கின் மாடலைச் சொல்லி அடம்பிடிக்க வேண்டாம். அன்று முழுவதும் எல்லாக் குழுவுக்கும் ஒரே மைக்குகள்தான் ஓடும்.

வரைபடத்தில் குழப்பம் வருவது இடம் வலத்தில். மேடையின் இடது என்று ஒலிக்காரர் சொன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்பவரின் இடது. படத்தின் கீழ்ப்பக்கத்தில் ‘பார்வையாளர்கள் இங்கே’ என்று எழுதிவிட்டால் சண்டை தீர்ந்தது. யாருக்கு எங்கே பிளக் பாயின்ட் வேண்டும், யாருடைய மானிட்டரில் (வாசிப்பவரை நோக்கி மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) எது கேட்க வேண்டும் என்பதையும் குறியுங்கள். தாளில் தேதி போட மறக்காதீர்கள். போன மாதம் அனுப்பிய பழைய பட்டியலை வைத்துக்கொண்டு மேடை ஆட்கள் கேபிள் இழுத்திருப்பது அடிக்கடி நடக்கும் கூத்து.

கே: சவுண்ட் செக் கிடையாதாம், லைன் செக் மட்டும்தானாம். 20 நிமிடத்துக்குள் என்னதான் செய்ய முடியும்?

ப: லைன் செக்கில் ஒலி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள், வருகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அதனால் பாதி வேலை மேடைக்கு வெளியே முடிந்திருக்க வேண்டும். முந்தைய குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே பெடல்போர்டை இணைத்து, சுருதி சேர்த்து, கீபோர்டை ஸ்டாண்டில் ஏற்றி, சிம்பல்களை அவற்றின் ஸ்டாண்டுகளில் மாட்டித் தயாராக நில்லுங்கள். மேடை காலியானதும் முதலில் டிரம்ஸ் ஏற வேண்டும், ஏனென்றால் 13 சேனலில் ஏழு அதனுடையவை. மற்றவர்கள் தங்கள் இடத்துக்குப் போய், ஆம்பை மியூட்டில் வைத்துவிட்டுக் காத்திருக்கட்டும். ஒருவரைச் சோதிக்கும்போது இன்னொருவர் கிடாரை வருடிக்கொண்டிருந்தால் கிக் சத்தம் எது, கிடார் சத்தம் எது என்று மிக்சரில் இருப்பவர் தடவிக்கொண்டிருப்பார். லைன் செக்கில் பெரும்பாலும் நேரம் போவது இதில்தான்.

மானிட்டரில் முதலில் குரல், பிறகு உங்கள் வாத்தியம், அவ்வளவே கேளுங்கள். மற்றதெல்லாம் முதல் பாட்டுக்குப் பிறகு. அந்த முதல் பாட்டு எல்லோரும் வாசிக்கும் பாட்டாக இருக்கட்டும். கலவை சரியாவது அதற்குள்தான். ஒற்றைக் கிடாரும் மெல்லிய குரலுமாகத் தொடங்கும் பாட்டை நடுவில் வையுங்கள்.

தாமதமானால் தொடங்கும் நேரம் தள்ளிப்போகும். முடியும் நேரம் தள்ளிப்போகாது. 40 நிமிடம் தந்திருந்தால் 35-க்குத் திட்டமிடுங்கள். எந்தப் பாட்டை விடுவது என்பதை முன்பே பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள்.

கே: டிரம்ஸும் ஆம்பும் அங்கேயே இருக்கும் என்கிறார்கள். அப்படியானால் கையை வீசிக்கொண்டு போகலாமா?

ப: முடியாது. பொது டிரம்ஸ் என்றால் பொதுவாகக் கிக், டாம்கள், ஸ்டாண்டுகள்தான். ஸ்னேர், சிம்பல்கள், கிக் பெடல், ஹை-ஹாட் கிளட்ச், சிம்பல் ஃபெல்ட்கள், டிரம் சாவி எல்லாம் உங்களுடையவை. இடது கைப் பழக்கமுள்ள டிரம்மர் என்றால் அதை முன்கூட்டியே எழுதுங்கள். மைக்குகள் எல்லாம் இடம் மாற வேண்டும். கீபோர்டுக்காரர் அடாப்டரையும், மிதித்தால் ஸ்வரத்தை நீளவைக்கும் சஸ்டெய்ன் பெடலையும் பெட்டிக்குள்ளேயே வைக்கட்டும். கடன் வாங்கிய பெடல், காலை எடுத்தால் நீள்வதும் மிதித்தால் நிற்பதுமாகத் தலைகீழாக வேலை செய்தால், பெடலைத் தொடாமல் கீபோர்டை அணைத்து மறுபடி போடுங்கள். பல கீபோர்டுகள் அப்போது சரிசெய்துகொள்ளும்.

கே: லேப்டாப்பிலிருந்து டிராக் (முன்பே பதிந்த பின்னணி இசை) ஓட்டினால் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வருகிறது. சார்ஜரின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்கிறார் நண்பர்.

ப: அந்த நண்பரைச் சார்ஜர் பக்கமே விடாதீர்கள். எர்த் உயிரைக் காப்பது. மைக்கில் உதடும் கிடாரில் கையும் வைத்திருப்பவருக்கு அதுவே கவசம். லேப்டாப்பும் மிக்சரும் இரண்டு வழிகளில் எர்த் ஆவதால் உருவாகும் வளையத்தில்தான் அந்த ரீங்காரம் வருகிறது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் வழியாக அனுப்பி, அதிலிருக்கும், ஒலிக் கேபிள் வழியான எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள். அவசரத்துக்குச் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டலாம். நோட்டிஃபிகேஷன்களை அணைத்துவிட்டீர்களா?

கே: விமானத்தில் போகிறோம். கிடார் கம்பியை முழுக்கத் தளர்த்த வேண்டுமா?

ப: ஓரிரு ஸ்வரம் இறக்கினால் போதும். தலைப்பகுதி பெட்டிக்குள் ஆடாதபடி துணி வைத்து அணையுங்கள். கீழே விழுந்தால் பெரும்பாலும் முறிவது கழுத்தும் தலையும் சேரும் இடம்தான். உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில் மட்டுமே; 100 வாட்-ஹவர் வரை பொதுவாகத் தனி அனுமதி வேண்டாம், அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை.

கே: புதுக் கம்பியை நிகழ்ச்சி அன்று மாட்டலாமா?

ப: முதல் நாளே மாட்டி, கையால் இழுத்து இழுத்துச் சுருதி சேர்த்துவிடுங்கள். புதுக் கம்பி நீண்டு, பாட்டுக்குப் பாட்டு சுருதி இறங்கும்.

கே: வேனில் போகிறோம். இடைவழியில் நிறுத்திச் சாப்பிடும்போது வாத்தியங்கள் உள்ளேயே இருக்கலாமா?

ப: வெயிலில் என்றால் கூடாது. மூடிய வண்டிக்குள் ஏறும் சூட்டில் கிடாரின் பசை இளகி, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும். கிடார்களை வெளியே எடுங்கள், அல்லது முறை வைத்து ஒருவர் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்காரட்டும். ஆம்ப்கள் கீழே, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்சுவரை ஒட்டி, பட்டையால் கட்டி வையுங்கள். கடைசியில் இறங்க வேண்டியது முதலில் ஏறட்டும்.