பிளஸ் டூ கணக்குக்குப் பழைய வினாத்தாள்களை மட்டும் படித்தால் போதுமா?

தேர்வுக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கும், பாதிப் புத்தகம் திறக்கப்படாமல் இருக்கும். அதனால்தான் 'மட்டும்' என்று கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

நான் பிளஸ் டூ எழுதியது 2014 மார்ச்சில். கணக்குக்கு அப்போது 200 மதிப்பெண்: 40 ஒரு மார்க், பத்து ஆறு மார்க், பத்து பத்து மார்க். பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கடையில் ஒரு தீர்வுப் புத்தகம் வாங்கினேன். ஒவ்வொரு கணக்குக்குப் பக்கத்திலும் மா-09, ஜூன்-11, அக்-12 என்று எப்போதெல்லாம் கேட்டார்கள் என்று போட்டிருக்கும். அதிக முறை வந்ததை மட்டும் குறித்துக்கொண்டு, விடையைப் பார்த்துப் பார்த்துப் படித்தேன். பார்க்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரி இருந்தது.

முதல் திருப்புதல் தேர்வில் கோ-கோ வீரர் கணக்கு வந்தது. அந்தப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: வீரருக்கும் இரண்டு குச்சிகளுக்கும் இடையே உள்ள தூரங்களின் கூடுதல் எப்போதும் 8 மீட்டர், குச்சிகளுக்கு இடையே 6 மீட்டர், அவர் ஓடும் பாதையின் சமன்பாடு என்ன? விடை நீள்வட்டம், சமன்பாட்டில் x², y²-க்குக் கீழே 16, 7. எங்கள் கணக்கு சார் 8-ஐ 10 ஆக்கியிருந்தார். அப்படியானால் 25, 16 வர வேண்டும். நான் கேள்வியை முழுதாகப் படிக்கக்கூட இல்லை, 16, 7 என்றே எழுதிவிட்டு வந்தேன். விடைத்தாளைக் கொடுக்கும்போது சார் திட்டவில்லை. "இதைப் போட்டியாம்மா, ஒப்பிச்சியா?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் அவர் சொன்னபடி செய்தேன். சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஒரு பழைய வினாத்தாள், ஒரு கடிகாரம், வெள்ளைத்தாள். தீர்வுப் புத்தகம் அம்மாவின் பீரோவில். மூன்று மணி நேரம் முடிந்தபோது மூன்று பத்து மார்க் கணக்குகளைத் தொடவே இல்லை. தெரியாததால் இல்லை, நேரம் போய்விட்டது. ஆறு மார்க் கணக்குகளில் தேவையில்லாமல் நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு விடைக்குறிப்பை வைத்து, எந்தப் படிக்கு எத்தனை மார்க் என்று நானே திருத்தினேன். தவறியதை ஒரு நோட்டில் எழுதி, அந்தக் கணக்கு இருக்கும் பயிற்சி முழுவதையும் புத்தகத்தில் போட்டேன். இப்படி ஏழு தாள் எழுதினேன். பொதுத்தேர்வில் 187 வந்தது.

சென்டம் வாங்காதவள் அறிவுரை சொல்லலாமா என்று யாராவது கேட்கலாம். வினாத்தாளை மட்டும் புரட்டியே 200 வாங்கியவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். பழைய வினாத்தாள் எழுதிப் பார்ப்பதற்கானது, படிப்பதற்கானது இல்லை.

உங்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. பிளஸ் டூ புதிய பாடப்புத்தகம் 2019-20இல் வந்தது, அதற்கு முந்தைய தாள்களில் நேரத்தைச் செலவிடாதீர்கள். 2021இல் தேர்வே நடக்கவில்லை. ஆக உங்களிடம் இருப்பது சில தாள்கள்தான். அவற்றை விடை பார்த்துப் படித்து வீணாக்கிவிட்டால், எழுதிப் பார்க்க வேறு தாள் கிடைக்காது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், பல வருடமாக மனதில் இருப்பது. எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தவில்லை. சேர்ந்த ஜூன் மாதமே பிளஸ் டூ புத்தகத்தைத் திறந்துவிட்டார்கள். இரண்டு வருடமும் அதே புத்தகம், அதே வினாத்தாள்கள். பொறியியல் முதல் செமஸ்டரில், எல்லோருக்கும் தெரியும் என்று பேராசிரியர் தாண்டிப்போன அடிப்படைகளில்தான் நான் திணறினேன். அந்த செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்தது. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். 2025-26 முதல் அது இல்லை என்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறையும், சரி. ஆனால் இனி அந்தப் புத்தகத்தை எத்தனை பள்ளிகள் திறக்கும் என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பள்ளியிலும் அதை நடத்தவில்லை என்றால், பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். தேர்வு முடிந்த பிறகு வரும் விடுமுறையில் அது வேண்டியிருக்கும்.