கறுப்புச் சட்டையின் மடிப்புகள் எங்கே போயின?

கேள்வி: தாத்தா கறுப்புச் சட்டையில் இருக்கும் கறுப்பு-வெள்ளைப் படத்தை டிஜிட்டல் பிரிண்ட் போட்டேன். திரையில் சட்டையின் மடிப்பு, பொத்தான் எல்லாம் தெரிகின்றன. தாளில் முழுவதும் கரி. பிரைட்னெஸ்ஸைக் கூட்டினால் முகம் வெளிறிவிடுகிறது. விலை உயர்ந்த தாள் வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்காதீர்கள், இப்போதைக்கு. பெரும்பாலும் உங்களை ஏமாற்றியது திரைதான், தாள் அல்ல.

திரை தானே ஒளி வீசுகிறது. தாள் தன்மேல் விழும் ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறது. சாதாரணத் திரையிலேயே கறுப்புக்கும் வெள்ளைக்கும் 1000 மடங்கு வித்தியாசம் உண்டு. நல்ல பளபளப்புத் தாளில் அது ஏறத்தாழ 200. பளபளப்பில்லாத மேட் தாளில் 40, 50 தான். பெரிய மூட்டையைச் சின்னப் பைக்குள் திணித்தால் ஏதாவது நசுங்கும். முதலில் நசுங்குவது நிழல் பகுதி. பளபளப்புத் தாள் கறுப்பை ஆழமாக்கும். நசுங்கிய மடிப்பை மீட்டுத் தராது.

போதாக்குறைக்கு, விற்பனைக் கூடத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே மானிட்டர்களின் வெளிச்சத்தை ஏற்றிவைத்து அனுப்புகிறார்கள். பிரிண்ட் வேலைக்குச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு எரியும் திரையில் கரிக்குள் ஊரும் எறும்புகூடத் தெரியும். அளக்கக் கருவி இல்லையென்றால், படத்தை மாட்டப்போகும் இடத்து வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரையருகே பிடியுங்கள். திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்வரை திரையைக் குறையுங்கள். பலருக்கு வைத்தியம் இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லையா? சோதனைத் துண்டு ஒன்று செய்யுங்கள். கறுப்பு 0, வெள்ளை 255 என்ற கணக்கில் 0, 5, 10 என்று 50 வரை கட்டங்களை இடைவெளியின்றி அடுக்குங்கள். மறுகோடியில் 235 முதல் 255 வரை. படத்துக்கு வைக்கும் அதே தாள், அதே செட்டிங்கில் அச்சிட்டு ஒரு நாள் காயவிடுங்கள். ஈரத்தில் கறுப்பு பொய் சொல்லும். 15 வரை ஒரே கரியாகி, 20இல்தான் பிரிவு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது எடிட்டிங் மென்பொருளில் மவுஸைச் சட்டை மடிப்பின்மேல் வைத்து எண்ணைப் பாருங்கள். 8க்கும் 14க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். தாளைப் பொறுத்தவரை அந்த மடிப்பே கிடையாது.

பிரைட்னெஸ்ஸைத் தொடாதீர்கள், அது முகத்தையும் சேர்த்துத் தூக்கும். கர்வ்ஸில் (கறுப்பு முதல் வெள்ளை வரை ஒவ்வொரு அளவையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வளைகோடு) முகத்தின் டோன், அதாவது சாம்பல் அளவு, இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து அதை நகராமல் கட்டிவிட்டு, நிழல் மூலையை மட்டும் உயர்த்துங்கள். 8 என்பது 20 ஆகட்டும், 14 என்பது 30 ஆகட்டும். கறுப்பு போய்விடுமோ என்ற பயம் வேண்டாம்: 15 வரை எல்லாமே முழுக் கறுப்பாகத்தான் விழுகிறது என்று தாளே சொல்லிவிட்டதே. வெள்ளைப் பக்கமும் இப்படித்தான்.

தாளின் வகையைப் பிரிண்டர் டிரைவரில் (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் நிரல்) சரியாகச் சொல்லுங்கள். மேட் தாளை வைத்துவிட்டுப் பளபளப்பு என்று தேர்ந்தெடுத்தால் மையின் அளவு மாறும். சில பிரிண்டர்களில் கறுப்பு மையே மாறிவிடும். நிறத்தை நிர்வகிப்பது எடிட்டிங் மென்பொருளா, டிரைவரா என்பதையும் முடிவு செய்யுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் செய்தால் டோன்கள் குட்டிச்சுவர். இதைத் தேர்ந்தெடுக்கும் ஒரு டிக்கை மூன்றாவது ஜன்னலின் நாலாவது மூலையில் ஒளித்துவைத்து, அப்டேட் வரும்போதெல்லாம் இடம் மாற்றும் புண்ணியவான்களை என்ன சொல்ல?

வெளியில் கொடுத்து அச்சிடுவதானால் ‘மியூசியம் தரம்’ என்ற வார்த்தைக்கு மயங்காதீர்கள். தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவைப்பீர்களா? எத்தனை சாம்பல் மைகள் இருக்கின்றன? இந்தத் தாளுக்குரிய ஐசிசி புரொஃபைல் (பிரிண்டரும் மையும் இந்தத் தாளில் எப்படி விழும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு) தருவீர்களா? மூன்றே கேள்விகள்தான். மழுப்பினால் வந்த வழியே திரும்புங்கள். ஒருமுறை நான் இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்த படம், நிழல் முழுவதும் மறுபடி ‘திருத்தப்பட்டு’ வந்தது. கேட்டதற்கு, மெஷின் தானாகச் செய்கிறது என்றார்கள். பணத்தை மட்டும் மெஷின் வாங்கவில்லை. எந்தப் படத்தையும் ஒரே சொடுக்கில் சரியாக்கும் ‘பிரீசெட்’ விற்பவர்களும் இந்தக் கூட்டம்தான். உங்கள் தாளை அவர்கள் கண்டார்களா, மையைக் கண்டார்களா?

ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். எல்லாப் படத்திலும் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் இருந்தே தீர வேண்டும் என்று ஓதுகிறார்கள். மூடுபனிப் படத்துக்கு அது பொருந்தாது. அதன் ஹிஸ்டோகிராம் (எந்த அளவுச் சாம்பல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம்) 90க்கும் 215க்கும் நடுவில் கூனிக்குறுகி நிற்கும். அதை இரு பக்கமும் இழுத்தால் பனி புகையாகிவிடும். பனிக்குள் ஒரு படகு நின்றால்? அதையும் கறுப்பாக்காதீர்கள். தூரத்துப் படகு பனியின் வெளுப்பைப் பூசிக்கொண்டு சாம்பலாகத்தான் தெரியும். அதே படகு பனிக்கு இப்பால், நம் காலடியில் கிடந்தால் கறுப்பாகலாம். படகுக்கும் நமக்கும் நடுவில் எவ்வளவு பனி என்பதுதான் கணக்கு.

தாத்தாவின் படத்தில் பனி இல்லை. அவர் கண்மணியில் முழுக் கறுப்பு இருக்கட்டும். முழுப் படத்தையும் அச்சிடும் முன், முகமும் சட்டையின் மேல்பகுதியும் சேரும் இடத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டி அச்சிடுங்கள். பெரிய படத்தில் வரும் அதே அளவில் இருக்கட்டும், சுருக்கிவிடாதீர்கள். பொத்தானின் விளிம்பு தெரிந்தால் பெரிய தாளை எடுக்கலாம்.