மகளின் ஆட்டத்துக்காக நிலத்தை விற்கலாமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். ஒன்பது மா நிலம், விவசாயம்தான் பிழைப்பு. ஒரே மகள், பதிமூன்று வயது, எட்டாம் வகுப்பு. என் மாமனார் அந்தக் காலத்தில் பூப்பந்து ஆடியவர். அவர்தான் பேத்திக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். இப்போது ஷட்டிலில் மாவட்டத்தில் முதலிடம் வாங்குகிறாள். போன மாதம் மாநிலப் போட்டியில் 15 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் காலிறுதி வரை போனாள். அங்கே பார்த்த ஒரு பயிற்சியாளர், “இந்தப் பிள்ளையை ஊரிலேயே வைத்திருந்தால் வீணாகிவிடும், சென்னையில் தங்கிப் பயிற்சி எடுக்கிற அகாடமியில் சேருங்கள்” என்றார். வருஷத்துக்குச் சில லட்சம் ஆகுமாம். மூன்று மா நிலத்தை விற்றுவிடலாம் என்கிறார் என் கணவர். பெண் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்கிறார் மாமியார். நான் நடுவில் தவிக்கிறேன். பேட்மின்டன் ஆடுவது ஒரு தொழிலாகுமா? சோறு போடுமா?
— பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் நிலத்தை விற்க வேண்டாம். அவள் கையிலிருந்து மட்டையையும் வாங்க வேண்டாம். பதிமூன்று வயதில், தன்னைவிட ஒரு வயது மூத்த பிள்ளைகளோடு ஆடி மாநிலக் காலிறுதிக்குப் போவது சாதாரணக் காரியம் இல்லை. சென்னையிலும் கோவையிலும் தினமும் இரண்டு வேளை பயிற்சி எடுக்கிற பிள்ளைகளை எதிர்த்து நின்றிருக்கிறாள். அந்தப் பயிற்சியாளர் அவளிடம் எதையோ பார்த்திருக்கிறார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

தொழிலாகுமா என்று கேட்டீர்கள். ஆகும். ஆனால் அந்தத் தொழிலில் பணம் எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். டிவியில் நாம் பார்ப்பது உச்சாணிக் கொம்பை. சிந்து ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம், 2019-இல் உலக சாம்பியன். சாய்னா 2012 லண்டனில் வெண்கலம். அவர்கள் ஆடுவது சூப்பர் 1000, 750, 500 என்று போகிற பெரிய போட்டிகள். அதற்குக் கீழே சூப்பர் 300, சூப்பர் 100. அதற்கும் கீழே இன்டர்நேஷனல் சேலஞ்ச், இன்டர்நேஷனல் சீரிஸ். புதிதாக வருகிற பிள்ளை இந்தக் கீழ்ப் படியில்தான் தொடங்கியாக வேண்டும்.

அந்தப் படியின் கணக்கைப் பாருங்கள். மொத்தப் பரிசு 15,000 டாலர் என்று ஒரு போட்டி அறிவித்தால், அதை ஐந்து பிரிவுக்கும் பிரித்து, ஒற்றையர் சாம்பியன் கைக்கு வருவது ஏழு, ஏழரை சதவீதம். கிட்டத்தட்ட 1,100 டாலர், நம் பணத்தில் ஒரு லட்சத்தை ஒட்டி. அதுவும் கோப்பையைத் தூக்கினால்தான். முதல் சுற்றில் தோற்றால் ஒரு ரூபாய் கிடையாது. விமான டிக்கெட், விசா, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் நம் செலவு. உலகத் தரவரிசைக்குக் கடந்த 52 வாரத்தில் ஆடியதில் சிறந்த பத்து முடிவுகளை எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே ஒன்றிரண்டு போட்டியோடு நிறுத்தவும் முடியாது. பதினேழு, பதினெட்டு வயதிலிருந்து நாலைந்து வருஷம் பணம் வெளியே மட்டும்தான் போகும். நாட்டின் முன்னணி வரிசைக்கு வந்து அரசாங்கமோ நிறுவனமோ செலவை ஏற்றுக்கொள்ளும் வரைக்கும் இதுதான் நிலைமை.

மூன்று மா என்பது ஏறக்குறைய ஒரு ஏக்கர். அந்தப் பணம் இப்போது அகாடமிக்கு இரண்டு, மூன்று வருஷம் தாங்கும். அவளுக்குப் பதினாறு ஆகும்போது தீர்ந்துபோகும். உண்மையான செலவு அப்போதுதான் தொடங்கும். நிலம் இப்போது வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணத்தை என் வாழ்க்கையிலிருந்துதான் சொல்ல முடியும். நான் மாயவரத்துப் பெண். கல்லூரி முதல் வருஷம் படிக்கும்போது வடக்கே ஒரு ஊரில் நடந்த போட்டிக்குப் போக அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்தார்கள். இரண்டு நாள் ரயில். அப்போதெல்லாம் பெண்கள் ஒற்றையருக்கு 11 புள்ளிதான். சர்வீஸ் நம் கையில் இருந்தால்தான் புள்ளி ஏறும். எதிரே நின்ற பெண் என்னைவிடப் பெரிய ஆட்டக்காரி ஒன்றும் இல்லை. முதல் செட்டில் 3-6 என்று பின்தங்கியபோது, வலைக்குப் பக்கத்தில் ஒரு பந்து வந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை தட்டிவிட்ட பந்து. அந்த ஒரு நொடியில் அப்பாவின் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த அடகுச் சீட்டு என் கண் முன்னால் வந்தது. மஞ்சள் காகிதம், ஓரத்தில் எண்ணெய்க் கறை. கை இறுகிவிட்டது. பந்து வலையில் விழுந்தது. அதற்கப்புறம் நான் ஒரு பந்தைக்கூடத் தைரியமாக அடிக்கவில்லை. எல்லாவற்றையும் பத்திரமாகத் திருப்பித் திருப்பிப் போட்டேன். அரை மணி நேரத்துக்குள் தோற்று வெளியே வந்துவிட்டேன். மறு வருஷம் வட்டி கட்ட முடியாமல் சங்கிலி முழுகிப் போயிற்று. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் எனக்குக் கனத்தது.

ஷட்டில் ஆட்டத்தில் மணிக்கட்டு தளர்வாக இருக்க வேண்டும், தங்கை. அடிக்கிற நொடியில் மட்டும் இறுக வேண்டும். குடும்பத்தின் நிலம் தன் தோளில் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்கு அந்தத் தளர்வு வராது. உங்கள் கணவர் பாசத்தில்தான் சொல்கிறார். இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

சரி, ஊரிலேயே வைத்திருந்தால் வீணாகிவிடும் என்று அந்தப் பயிற்சியாளர் சொன்னாரே, அது பொய்யா? பாதி உண்மை. நம் டெல்டா ஊர்களில் ஷட்டில் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி எட்டு மணிக்குக் கடையை அடைத்துவிட்டு பெரியவர்கள் வருவார்கள். இருப்பது ஒரு கோர்ட், காத்திருப்பவர்கள் பத்துப் பேர். ஆகவே எப்போதும் டபுள்ஸ்தான். தோற்ற ஜோடி வெளியே உட்கார வேண்டும். இதில் வளர்கிற பிள்ளைக்கு வலை ஓரத்தில் நல்ல சாமர்த்தியம் வரும், சர்வீஸ் தந்திரமாக இருக்கும். ஆனால் ஒற்றையரில் 6.7 மீட்டர் நீளம், 5.18 மீட்டர் அகலம் உள்ள தன் பக்கம் முழுவதையும் தனியாக ஓடிக் காக்கிற கால்வேகம் வராது. மாநிலக் காலிறுதியில் அவள் எப்படித் தோற்றாள் என்று கேட்டுப் பாருங்கள். பின்கோட்டு மூலைக்கும் முன்வலைக்கும் மாறி மாறி இழுத்து ஓடவிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மாமனாரின் பூப்பந்தையும் இங்கே சொல்ல வேண்டும். அது தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம். 1856-லேயே அரண்மனைக் குடும்பத்தார் ஆடினார்கள் என்பார்கள். மஞ்சள் கம்பளிப் பந்து, திறந்த மைதானம், பக்கத்துக்கு ஐந்து பேர். அந்தக் கையிலிருந்து வந்த வெட்டு அடி அவளிடம் இருந்தால் அதை யாரும் மாற்றவிடாதீர்கள். அது சென்னையில் விலை கொடுத்தாலும் கிடைக்காது. கால் மட்டும் புதிதாகக் கற்க வேண்டும்.

அதனால் இந்த ஒரு வருஷத்துக்கு இப்படிச் செய்யுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ அழைத்துப் போய், சிந்தெடிக் தரை உள்ள உள்ளரங்கில் ஒற்றையர் மட்டும் ஆடவிடுங்கள். சிமென்ட் தரையில் தினமும் குதித்தால் பதினெட்டு வயதுக்குள் முட்டி போய்விடும். என் வலது முட்டி அப்படிப் போனதுதான். சிமென்ட்தான் கதி என்றால் அங்கே கால் பயிற்சி வேண்டாம், வலை அடியும் சர்வீஸும் மட்டும் போதும். கால் பயிற்சியை வயல் பக்கத்துப் புல்தரையிலோ மண் தரையிலோ வைத்துக்கொள்ளலாம். பந்தே இல்லாமல், முன், நடு, பின் என்று இரண்டு பக்கமும் உள்ள ஆறு இடத்துக்கும் ஓடித் திரும்புகிற பயிற்சி அது. காசு செலவில்லை.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும், கோடை விடுமுறையில் ஒரு மாதம் மட்டும் அந்த அகாடமிக்கு அனுப்பிப் பாருங்கள். முதல் நாலு நாள் நீங்களும் கூட இருங்கள். ஒரு கோர்ட்டில் எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஆறுக்கு மேல் இருந்தால் அவள் ஆடுவதைவிட வேடிக்கை பார்ப்பதுதான் அதிகம். பலகையில் பெயர் போட்டிருக்கிற பயிற்சியாளர் நிஜமாகவே கோர்ட்டில் நிற்கிறாரா, அவர் மாணவர்கள் பந்து எடுத்துப் போடுகிறார்களா என்று பாருங்கள். விடுதியில் பெண் வார்டன் இரவில் தங்குகிறாரா என்று கேளுங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள், அவள் வகுப்புக்கு நிஜமாகப் போவாளா, பெயருக்குத்தான் சேர்க்கையா என்பதையும்.

அதற்குள் திருவாரூரில் மாவட்ட விளையாட்டு அலுவலரை நேரில் போய்ப் பாருங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு வருஷா வருஷம் தேர்வு நடத்துகிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு செலவு. இறகுப்பந்துக்குப் பெண்கள் விடுதியில் இடம் இருக்கிறதா, எப்போது தேர்வு என்று கேட்டு வையுங்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டியையும் விடாதீர்கள். ஒவ்வொரு சான்றிதழையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். சங்கத்தின் கையெழுத்தும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று வாங்குகிற இடத்திலேயே பார்த்துவிடுங்கள். பிற்பாடு ஒரு கையெழுத்துக்காக நான் எட்டு மாதம் அலைந்திருக்கிறேன்.

சோறு போடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டில் முக்கால்வாசி ஆட்டக்காரர்களுக்குச் சோறு போடுவது பரிசுப் பணம் இல்லை, வேலை. சிந்துவே பாரத் பெட்ரோலியத்தில் வேலையில் இருந்தவர். ஒரு காலத்தில் உலகின் முதலிடத்தில் இருந்த ஸ்ரீகாந்துக்கு ஆந்திர அரசு துணை ஆட்சியர் பதவி கொடுத்தது. இந்த உயரத்துக்குப் போகாதவர்களுக்கும் ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள், வங்கி, கணக்குத் தணிக்கை அலுவலகம் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வழி உண்டு. தமிழ்நாடு அரசு வேலைகளிலும் 3 சதவீதம் இருக்கிறது. எனக்கும் அப்படிக் கிடைத்த வேலைதான் இன்றுவரை சோறு போடுகிறது. ஆனால் எந்த வேலைக்கும் படிப்புத் தகுதி கேட்பார்கள். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கையில் பத்துக் கோப்பையோடு வந்து நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் படிப்பை நிறுத்தச் சொல்கிற அகாடமி எதுவானாலும் வேண்டாம். காஞ்சிபுரம் துளசிமதி நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டே பாரிஸ் 2024 பாராலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். இரண்டும் சேர்ந்து முடியும்.

வெளியூர் அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரட்டையர் ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜின் ஊர் அமலாபுரம், கோதாவரி டெல்டா. நம்மூர் மாதிரியே நெல், தென்னை, வாய்க்கால். அங்கிருந்து பதின்ம வயதில் ஹைதராபாத் கோபிசந்த் அகாடமிக்குப் போனவர்தான் பிறகு தன் ஜோடி சிராக் ஷெட்டியோடு சேர்ந்து ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். உங்கள் மகளுக்கும் பதினைந்து வயதுக்குள் போக வேண்டி வரலாம். அடுத்த வருஷ மாநிலப் போட்டியில் அரையிறுதியைத் தாண்டினால், தென்மண்டலம், தேசிய அளவு என்று ஆடத் தொடங்கினால், அப்போது அனுப்புங்கள். அப்போது கட்டணச் சலுகை கேட்கவும் உங்களுக்கு வாய் இருக்கும். நல்ல பிள்ளை என்றால் அகாடமிகளே பாதிக் கட்டணத்துக்கு எடுத்துக்கொள்ளும்.

செலவில் உங்களை அரிக்கப் போவது ஷட்டில்தான். ஒன்றில் பதினாறு இறகு, எடை ஐந்து கிராம். ஓங்கி அடிக்கிறவர்கள் ஆடினால் ஒரு செட்டுக்குள் இறகு ஒடிந்துவிடும். ஒரு வேலை செய்யுங்கள். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கும்போது டப்பாவைத் திறந்து, இறகு இருக்கிற பக்கத்தை நாலைந்து விநாடி ஆவியில் காட்டி மூடி, ராத்திரி முழுக்க அப்படியே வைத்துவிடுங்கள். இறகு காய்ந்து மொறமொறவென்று இல்லாமல் இளகி, கூடுதல் நேரம் தாங்கும். தக்கையில் ஆவி படக் கூடாது. டப்பாவில் 76, 77 என்று வேகத்துக்கான எண் போட்டிருக்கும். சித்திரை வெயிலில் ஷட்டில் வேகமாகப் பறக்கும், அதனால் எண் குறைந்ததாக வாங்குங்கள். அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். கையில் இருக்கிற இறகு வாத்திலிருந்தோ பெருவாத்திலிருந்தோ வருவது என்று சொல்லுங்கள், ரசிப்பாள்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். அடுத்த போட்டிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார வையுங்கள். அப்புறம் மகளுக்கு மாதவிடாய் தொடங்கியிருந்தால் ஒரு தடவை ரத்தம் சோதித்து ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். இந்த வயதுப் பெண்கள் மூன்றாவது செட்டில் துவண்டு போவதற்குப் பல நேரம் அது குறைந்திருப்பதும் ஒரு காரணம். முட்டை, கீரை, வாய்க்கால் மீன், வேர்க்கடலை, எல்லாம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கணவர் சொன்னது இருக்கிறது, மாமியார் சொன்னது இருக்கிறது, பயிற்சியாளர் சொன்னது இருக்கிறது. அவள் சொன்னதாக ஒரு வரி இல்லை. காலிறுதியில் தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்த ராத்திரி என்ன பேசினாள்? மறுநாள் காலையில் மட்டையை எடுத்தாளா? அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள். பதில் எழுதுகிறேன்.