நான்ஸ்டிக் சட்டி, கண்ணாடி மூடி: கேட்டதும் சொன்னதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே சமைத்து, ஆர்டருக்குச் சாப்பாடு கொடுப்பவள் நான். சட்டி பானை சங்கதி என்றால் என்னைத்தான் கேட்கிறார்கள். இந்த வாரம் வந்தவை இவை.

அக்கா, பசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) 35 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய நான்ஸ்டிக் தோசைச் சட்டி. மூன்றே மாதத்தில் ஒட்டுகிறது. மட்டமான சாமானா?

சாமானைக் குறை சொல்வதற்கு முன் அடுப்பைப் பாருங்கள். வெறும் சட்டியைப் பெரிய தீயில் வைத்துவிட்டு மாவு எடுக்கப் போவீர்கள்தானே? சட்டியில் ஒட்டாமல் இருக்கப் பூசிய நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் கெட ஆரம்பிக்கும். நாம் புழங்கும் செம்பனை எண்ணெய் 230 டிகிரி வாக்கில் புகையும். ஆக, புகை வந்தாலே தீயைக் குறைத்துவிட வேண்டும். நடுத்தரத் தீ போதும்.

விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று பழுப்பாக இருந்தால் பூச்சு போகவில்லை, பழைய எண்ணெய் காய்ந்து படிந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றி, இரண்டு கரண்டி சோடா உப்பு போட்டு, பத்து நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிடுங்கள். ஆறியபின் மெல்லிய பஞ்சால் தேயுங்கள். எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கிறவர்களுக்கு இந்தப் பிசுக்கு சீக்கிரமே வரும்.

பூச்சு உரிந்து சாப்பாட்டில் கலந்துவிட்டது. விஷமா?

விழுங்கிய துணுக்கு செரிக்காமல் அப்படியே வெளியே போய்விடும், பயப்படாதீர்கள். ஆனாலும் அந்தச் சட்டியைத் தூக்கிப் போடுங்கள். புளிக்குழம்பு வைத்தால் அடியிலுள்ள அலுமினியத்தை அரிக்கும். துணுக்கைவிட, காய்ந்து கருகும் சட்டியின் புகைதான் மோசம். வீட்டில் கிளி வளர்த்தால் இன்னும் கவனம், அந்தப் புகையில் பறவை செத்தே போகும்.

கண்ணாடி மூடி தானாக வெடிக்குமா? மாமியார் நம்ப மாட்டேன் என்கிறார்.

வெடிக்கும்மா. எனக்கே நடந்தது. ஆட்டிறைச்சிப் பிரட்டல் கொதித்துக்கொண்டிருந்தது. மூடியை எடுத்து ஈரமான சிங்க்கில் வைத்தேன். பட்டென்று ஒரு சத்தம், பார்த்தால் சிங்க் முழுக்கக் கற்கண்டு மாதிரிச் சில்லு. இந்தக் கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துத்தான் செய்கிறார்கள். அதனால் மேல்பரப்பு இறுகி, உட்புறம் இழுபட்டு நிற்கும். கீறலோ ஓரச் சிதைவோ அந்த உட்புறம் வரை போய்விட்டால், மொத்தமும் ஒரே நேரத்தில் நொறுங்கும். என்றைக்கோ கீழே போட்டது இன்றைக்கு வெடிக்கலாம். சூடான மூடியை மடித்த துணிமேல் கவிழ்த்து வையுங்கள். ஓரம் சிதைந்ததைப் பாவம் பார்க்காமல் குப்பையில் போடுங்கள். ஆவித் துளையை அடைக்காதீர்கள்.

மூடியின் ஸ்டீல் ஓரத்தில் கறுப்பு அழுக்கு, போகவே மாட்டேன் என்கிறது.

சுடுதண்ணீரில் சோடா உப்பு கலந்து ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேயுங்கள். கைப்பிடித் திருகாணியையும் கழற்றிக் கழுவுங்கள், குழம்புத் தண்ணீர் அங்கேதான் தேங்கும்.

இரும்புத் தோசைக்கல்லுக்கும் இதே முறைதானா?

ஐயோ, இல்லை. அதில் எண்ணெய் காய்ந்து படியத்தான் வேண்டும். சோடா உப்பு போட்டுத் தேய்த்தால் பாட்டி பழக்கிய கல் பாழ்.