மருத்துவமனைக் கணக்கு இருக்கும்போது வீடு வீடாகச் சர்வே எதற்கு?

மருத்துவமனைப் பதிவேட்டில் வந்தவர்கள்தான் இருப்பார்கள். வர முடியாதவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

இந்தியாவின் தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21இல் சுமார் 6.37 லட்சம் வீடுகளுக்குப் போனது. மருத்துவமனைப் பிரசவம் முந்தைய சுற்றின் 78.9 சதவீதத்திலிருந்து 88.6 ஆக உயர்ந்திருந்தது. நல்ல செய்திதான். சரி, மீதிப் பேர் யார், ஏழைகளா? வருமானத்தைக் கேட்டால் சரியான பதில் கிடைப்பது கடினம். அதனால் சுவர், கழிப்பறை, டிவி, வண்டி என்று வீட்டில் இருப்பதைக் கேட்டு மக்களை ஏழை முதல் வசதியானவர் வரை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். அடிப்படிக்கும் மேற்படிக்கும் உள்ள இடைவெளி சுற்றுக்குச் சுற்று குறைகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், சராசரியை அல்ல.

செலவுக் கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். குடும்பச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் அது பெருஞ்சுமை என்பது பல ஆண்டுகளாகப் புழங்கிய அளவுகோல். ஆனால் காசில்லாமல் டாக்டரிடமே போகாத குடும்பத்தின் மருத்துவச் செலவு பூஜ்யம். இந்த அளவுகோலில் அந்தக் குடும்பம் பத்திரமாக இருப்பதாகத் தெரியும்! அதனால் போகாதவர்களையும் கேட்க வேண்டும். வீடு வீடாக நடக்கும் இன்னொரு அரசு ஆய்வான தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று (2017-18), நோய் வந்தும் மருத்துவரிடம் போகாதவர்களிடம் காரணத்தையும் கேட்டது.