விண்டோஸ் 11இல் ஓடாத பழைய ஸ்கேனர் லினக்ஸில் ஓடுமா?

மார்த்தாண்டத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர் கேட்டது இது. விண்டோஸ் 7இல் ஓடிய ஸ்கேனர் புதுக் கம்ப்யூட்டரில் அசையவே இல்லையாம்.

ஓட நல்ல வாய்ப்பு இருக்கிறது. லினக்ஸும் விண்டோஸைப் போலக் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்தான். ஒரு கருவியைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் சிறு மென்பொருள்தான் டிரைவர். விண்டோஸுக்கான டிரைவரைப் பெரும்பாலும் கருவி செய்த கம்பெனியே எழுதும். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட் வகை; பழைய 32 பிட் டிரைவர் அதில் ஓடாது. கம்பெனி 32 பிட் டிரைவரோடு நிறுத்திவிட்டால் ஸ்கேனர் நன்றாக இருந்தும் பயனில்லை. இப்படி நல்ல பொருள் ஆக்கர் கடைக்குப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னல் என்ற அதன் மையப் பகுதியோடு சேர்ந்தே வரும். ஸ்கேனருக்கு 'சேன்' (SANE) என்ற தனி டிரைவர் தொகுப்பு உண்டு. கம்பெனி கைவிட்ட பல மாடல்களைத் தன்னார்வலர்கள் அதில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதன் இணையதளத்தில் உங்கள் மாடலைத் தேடுங்கள். மாடல் பெயருக்குப் பக்கத்தில் 'முழுமை' (complete) என்றோ 'நன்று' (good) என்றோ இருந்தால் தைரியமாக இறங்கலாம்.

அப்புறம், எதையும் அழிக்காமல் பென்டிரைவிலிருந்தே உபுண்டு என்ற லினக்ஸ் வகையை ஓட்டி, ஒரு பட்டா நகலை ஸ்கேன் செய்து பாருங்கள். வைஃபையும் பிரிண்டரும் எடுக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். சில வைஃபை சிப்புகள் லினக்ஸில் இன்றும் மக்கர் செய்யும்.

மேக்கை விடுங்கள், அது ஆப்பிளின் சொந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்.

ஆதார் கைரேகைக் கருவி வைத்திருந்தால் விண்டோஸை எடுத்துவிடாதீர்கள். அதற்கான மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் வருகிறது. ஸ்கேனருக்கு மட்டும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.