சோல் ரப்பரில் கிராஃபீன் கலந்தால் தேய்மானம் குறையுமா?

ஆம்பூரில் உங்கள் யூனிட்டில் செய்யும் ஷூ சோல் ரப்பரில் கிராஃபீன் கலந்தால் சீக்கிரம் தேயாமல் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கும், ஆனால் எவ்வளவு போடுகிறோம் என்பதைவிட எப்படிக் கலக்குகிறோம் என்பதுதான் முக்கியம்.

கிராஃபீன் ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தகடு. கொதிநீரில் ரவையை மொத்தமாகக் கொட்டியதுபோல, இந்தத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டும். சோல் விரிசல் விட ஆரம்பிப்பது பெரும்பாலும் அந்தக் கட்டிகளில்தான். சீராகப் பரவிவிட்டால் எடையில் 1 சதவீதத்துக்குள்ளேயே நல்ல பலன் தெரியும்.

ஒன்றோடொன்று சேராத இரண்டு பாலிமர்களை (ரப்பர், பிளாஸ்டிக் போன்றவை) கலக்கிறீர்களா? ஒன்று மற்றொன்றுக்குள் துளித்துளியாகத்தான் நிற்கும். தகடுகள் இரண்டுக்கும் இடையிலான எல்லையில் போய் அமர்ந்தால், அந்தத் துளிகள் கூடிப் பெரிதாகாமல் தடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த குணம் இது.

அப்புறம், கிராஃபீனைத் தூளாக வாங்கி ரப்பர் கலக்கும் மில்லில் கொட்டாதீர்கள், ஆட்களின் மூச்சில் போகும். மாஸ்டர்பேட்ச், அதாவது ரப்பரில் ஏற்கெனவே அடர்த்தியாகக் கலந்து வைத்த கிராஃபீன், வாங்குங்கள்.